மூன்று வருடம் நான் பார்க்காமல் விட்ட படம்

எங்கள் மில்லில் ஸ்டோர் பார்க்கும் அண்ணன் ஒருவர், 2019 நவம்பரில் டீ நேரத்தில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தம்பி, ஹரிதாஸ்னு ஒரு படம் இருக்கு. கிஷோர் நடிச்சது. நீயும் தங்கச்சியும் உக்காந்து ஒரு தடவை பாருங்க" என்றார். என் மகனுக்கு ஆட்டிசம் என்று மதுரையில் சொல்லி அப்போது பத்து நாள்கூட ஆகவில்லை. மில்லில் யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை, லீவு லெட்டரில் 'மகன் உடல்நலம்' என்று மட்டும் எழுதியிருந்தேன். இவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கோபம். என் பிள்ளையைப் பற்றிக் கேள்விப்பட்டால் இந்த மனுஷனுக்கு சினிமாவா ஞாபகம் வருகிறது என்று இன்னொரு கோபம். "பாக்கறேண்ணே" என்று சொல்லி டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். அந்தப் படத்தை நான் பார்த்தது 2022 டிசம்பரில். இடையில் போனது 4,83,000 ரூபாய். அதில் பாதிக்கு மேல் மனைவியின் நகையை வைத்து வாங்கியது, கட்டிய வட்டியை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலிலிருந்தே சொல்கிறேன். ஒன்றரை வயதில் மகன் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். ஆனால் அடுப்படியில் மிக்ஸி ஓடினால் எங்கிருந்தாலும் ஓடி வருவான். அதனால் காது கேட்கிறது என்று நாங்களே முடிவு கட்டிக்கொண்டோம். "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், உங்க சித்தப்பன் அஞ்சு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்றார் அம்மா. நாக்கில் வசம்பு தேய்த்தோம். குலதெய்வத்துக்கு முடிந்து வைத்தோம். இப்படியே ஒன்றரை வருடம் போனது. இதைப் படிக்கும் யாராவது வீட்டில், ஒரு வயது தாண்டியும் பேருக்குத் திரும்பாத, ஒன்றரை வயதாகியும் ஒரு வார்த்தை வராத, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாத குழந்தை இருந்தால், சித்தப்பா கதையைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். முதலில் காது கேட்கிறதா என்று பார்க்கும் பெரா டெஸ்ட், பிறகு வளர்ச்சி சார்ந்த குழந்தை மருத்துவர். பயந்தது ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் நல்லதுதானே, ஒரு நாள் லீவோடு போச்சு.

மகனுக்கு என்ன என்று தெரிந்ததும் நான் செய்த முதல் காரியம், யாருக்கும் தெரியக்கூடாது என்று முடிவெடுத்தது. இரண்டாவது காரியம், ராத்திரி மூன்று மணி வரை போனில் தேடியது. இந்த இரண்டும் சேர்ந்துதான் என்னைக் கவிழ்த்தன. யாரிடமும் சொல்லாததால் 'வேண்டாம்டா' என்று கையைப் பிடிக்க ஆள் இல்லை. விடிய விடியத் தேடியதால், என் பலவீனத்தை மோப்பம் பிடித்த விளம்பரங்கள் எல்லாம் என் போனுக்கே வந்து விழுந்தன.

2020 மார்ச் முதல் வாரத்தில் ஒரு தெரபி சென்டரில் மூன்று மாத பேக்கேஜ் என்று 60,000 கட்டினேன். வாரம் ஐந்து நாள், ஸ்பீச், ஓ.டி. (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி), ஸ்பெஷல் எஜுகேஷன் எல்லாம் சேர்த்து. 'தொண்ணூறு நாளில் பேச்சு வந்துவிடும்' என்றார்கள். மூன்றாவது வாரம் ஊரடங்கு. பணம் திரும்ப வராது, ஆன்லைனில் நடத்துகிறோம் என்றார்கள். மூன்றரை வயதுப் பிள்ளையை போன் முன்னால் உட்காரவைத்து 'ஐ காண்டாக்ட்' சொல்லிக்கொடுக்கிறார்கள்! அவன் போனை நக்கிப் பார்த்தான், நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறி அழுதோம். அன்று கற்றது: தெரபிக்கு மாதாமாதம்தான் பணம் கட்ட வேண்டும், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்றாலும் கட்டக் கூடாது. தேதி குறித்துப் பேச்சு வரும் என்று சொல்கிற இடத்தில் செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிட வேண்டும்.

அதற்குப் பிறகு டயட். கோதுமை, பால் இரண்டையும் நிறுத்தி, டயட் சொன்னவர்களே விற்கும் பொடியையும் சொட்டு மருந்தையும் கொடுத்தோம், 45,000. ஏற்கெனவே தயிர்சாதம், பிஸ்கட், இட்லி மூன்றைத்தான் வாயில் வைப்பான். அதில் இரண்டைப் பிடுங்கிவிட்டோம். நான்கு மாதத்தில் இரண்டு கிலோ குறைந்தான். கடைசியாக 2021 பிப்ரவரியில் ஸ்டெம்செல். வெளிமாநிலத்தில் பெரிய ஊர், கண்ணாடிக் கட்டடம், வாசலிலேயே பிள்ளையார். சிகிச்சைக்கு 3,40,000, ரயில், லாட்ஜ், சாப்பாடு 38,000. நாலு வயதுப் பிள்ளையின் இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜையை எடுத்து, முதுகுத்தண்டில் செலுத்தினார்கள். மயக்கம் தெளிந்து அவன் அழுத அழுகையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

அவர்கள் கையெழுத்து வாங்கிய படிவத்தின் ஏழாவது பக்கத்தில், 'பலனுக்கு எந்த உறுதியும் இல்லை' என்று சின்ன எழுத்தில் இருந்தது. ஒரு வருடம் கழித்துத்தான் படித்தேன். இன்னொன்றையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ஸ்டெம்செல் சிகிச்சை என்று ஏற்கப்பட்டது ரத்தம் சார்ந்த சில நோய்களுக்கான மாற்றுச் சிகிச்சை மட்டும்தான். ஆட்டிசம் அதில் இல்லை. நான் பணம் கட்டுவதற்கு மூன்று வருடத்துக்கு முன்பே அச்சடித்து வைத்திருந்ததை நான் தேடவில்லை. நான் தேடியதெல்லாம் 'குணமான குழந்தை' வீடியோக்கள்.

இனி படத்துக்கு வருகிறேன். 2022 டிசம்பரில் தேனியில் மச்சினன் கல்யாணம். மேளம் தொடங்கியதும் மகன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்து புரண்டான். தூக்க வந்த ஒரு பெரியவர், "நாலு வச்சு வளத்திருந்தா இப்படி ஆடுவானா" என்றார். மனைவியை அங்கே விட்டுவிட்டு, தாலி கட்டும் முன்பே மகனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறித் திண்டுக்கல் வந்துவிட்டேன். ராத்திரி அவன் தூங்கிவிட்டான். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை, ஸ்டோர் அண்ணன் சொன்ன பேர் ஞாபகம் வந்தது.

தேடினால் முதலில் வந்தது எம்.கே. தியாகராஜ பாகவதர்! 1944இல் வந்த ஹரிதாஸ், 'மன்மத லீலையை வென்றார் உண்டோ' பாட்டு வரும் படம், சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. இதையா இந்த மனுஷன் என் பெண்டாட்டியோடு உட்கார்ந்து பார்க்கச் சொன்னார் என்று அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது. ஆகவே தேடும்போது கிஷோர், சினேகா, 2013 என்று சேர்த்துத் தேடுங்கள். எந்தத் தளத்தில் இருக்கிறது என்பது அவ்வப்போது மாறும். ஆனால் முறையாக இருக்கிற இடத்தில் பாருங்கள், தெரியாத லிங்க்கைத் தொட்டு அதிலும் பணத்தை விடாதீர்கள். நான் விட்டது போதும்.

இயக்கியவர் ஜி.என்.ஆர். குமரவேலன், 'கல்யாணராமன்', 'மீண்டும் கோகிலா' எடுத்த ஜி.என். ரங்கராஜனின் மகன். ஒளிப்பதிவு 'எந்திரன்' செய்த ரத்னவேலு, இசை விஜய் ஆண்டனி. தமிழ்நாட்டில் 2013 பிப்ரவரியில் 'விஸ்வரூபம்' வந்து ஊரே அதைப் பேசிக்கொண்டிருந்தது. மார்ச் நடுவில் பாலாவின் 'பரதேசி' வந்தது. இரண்டுக்கும் நடுவில் மார்ச் 1ஆம் தேதி வந்த இதைப் பார்த்தவர்கள் பாராட்டினார்கள், ஆனால் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். கிஷோர் என்றால் 'பொல்லாதவன்' செல்வம், 'ஆடுகளம்' துரை என்றுதான் நமக்குப் பதிந்திருக்கிறது. அவர் ஒரு குழந்தையின் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருப்பார் என்று யார் நினைத்து டிக்கெட் எடுப்பார்கள்?

கதை இதுதான். சிவதாஸ் என்கவுன்டர் செய்யும் போலீஸ்காரர். மனைவி இல்லை. மகன் ஹரிக்கு ஆட்டிசம். அதுவரை அவனை வளர்த்த பாட்டி இறந்துபோக, பையன் அப்பா கைக்கு வருகிறான். துப்பாக்கியைப் பிடித்துப் பழகிய கைக்கு இந்தப் பிள்ளையை எப்படிப் பிடிப்பதென்று தெரியவில்லை. பள்ளியில் ஆசிரியை அமுதவல்லியாக சினேகா. ஒரு கட்டத்தில் சிவதாஸ் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு மகன் பின்னாலேயே நடக்கிறார். அப்படி நடந்ததில் பையனுக்கு ஓட்டம் பிடிக்கிறது என்று தெரிகிறது, மாரத்தான் வரைக்கும் போகிறது. முடிவை நான் சொல்லமாட்டேன்.

ஹரியாக நடித்த பிருத்விராஜ் தாஸ் என்ற சிறுவனைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சினிமாவில் இப்படிப்பட்ட குழந்தை என்றால் தலையை ஆட்டவிட்டு, எச்சில் வடியவிட்டு, பின்னணியில் வயலினை இழுத்துவிடுவார்கள். இந்தப் பையன் அப்படி எதுவும் செய்யவில்லை. யாரையும் பார்க்காத அந்தப் பார்வையும், பக்கத்தில் நிற்கிற ஆளை ஒரு நாற்காலியைப் போல எண்ணித் தாண்டிப் போகிற விதமும் என் வீட்டுக் கூடத்தில் நான் தினமும் பார்ப்பது. பத்து நிமிடத்தில் போனை நிறுத்திவிட்டேன். எழுந்து போய்த் தூங்குகிற மகனைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி போட்டேன். அப்புறம் விடியும் வரை அசையவில்லை.

படத்தில் என்னைக் கொன்றது சோகமான காட்சி எதுவும் இல்லை. அந்த அப்பா மகனைப் பார்ப்பதுதான். மகன் எங்கே பார்க்கிறானோ அங்கே இவரும் பார்க்கிறார். மூன்று வருடத்தில் நான் எத்தனை ஆயிரம் தடவை 'இங்க பாரு, அப்பாவப் பாரு' என்று அவன் முகத்தைப் பிடித்துத் திருப்பியிருப்பேன்! அவன் என்ன பார்க்கிறான் என்று ஒரு தடவைகூட நான் குனிந்து பார்த்ததில்லை. அதற்கு நகை அடகு வைக்க வேண்டியதில்லை என்பது அந்த ராத்திரியில் உறைத்தபோது வந்த அழுகைக்குக் கணக்கே இல்லை.

ஆனால் விடிந்ததும் நான் என்ன செய்தேன் தெரியுமா? கடைவீதிக்குப் போய் 1,800 ரூபாய்க்கு ஓடுகிற ஷூ வாங்கி வந்தேன். ஒரு மாதம் தினமும் ஐந்தரை மணிக்கு அவனை எழுப்பி மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அவன் ஷூவைக் கழற்றி எறிவான், மண்ணில் மல்லாந்து படுத்துக்கொள்வான், நடைப்பயிற்சிக்காரர்கள் எல்லோரும் நின்று பார்ப்பார்கள். ஒரு நாள் என் கையைக் கடித்தேவிட்டான். மனைவி ஒரு வார்த்தைதான் சொன்னாள்: "ஏங்க, படத்துல அந்தப் புள்ளைக்கு ஓடப் புடிச்சிருந்துச்சு. இவனுக்குப் புடிக்கலீங்களே." தெரபி சென்டரும், பொடியும், ஊசியும் செய்த அதே வேலையைத்தான் நான் படத்தை வைத்தும் செய்திருக்கிறேன். இவனை வேறு ஒருவனாக மாற்றுவது. எனவே இந்தப் படத்தைப் பார்க்கும் பெற்றோருக்கு என் எச்சரிக்கை: மாரத்தானை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். ஆட்டிசம் உள்ள ஒவ்வொரு குழந்தைக்குள்ளும் ஒரு மேதை ஒளிந்திருக்கிறான் என்று சினிமா சொல்லும், உறவினர்களும் சொல்வார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குள் ஒரு குழந்தைதான் இருக்கிறது.

மைதானத்தை நிறுத்திய பிறகுதான் ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு நோட்டில் எழுதினேன், எந்த நேரத்தில் எங்கே நிற்கிறான், எதைப் பார்க்கிறான் என்று. மூன்றாவது வாரத்தில் பிடிபட்டது. புதனும் ஞாயிறும் சாயங்காலம் அம்மா இட்லிக்கு ஆட்டும்போது கிரைண்டர் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுகிறான். கல் சுற்றுவதைப் பார்ப்பான், மாவு நுரைத்து வருவதைப் பார்ப்பான். அந்த நாற்பது நிமிடமும் கத்தல் இல்லை, கை உதறல் இல்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் என்னைத் தள்ளிவிட்டான். பிறகு விட்டுவிட்டான். அம்மா தண்ணீர் தெளிப்பதைப் பார்த்து ஒரு நாள் டம்ளருக்குக் கை நீட்டினான். ஓ.டி. எடுக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னதும், அவர் கிரைண்டரையே பாடமாக்கிவிட்டார். உளுந்து அளப்பது, ஊற வைப்பது, தண்ணீர் ஊற்றிவிட்டு நிறுத்துவது, தன் முறைக்குக் காத்திருப்பது. ஆறு மாதம் கழித்து 'மா' என்றான். மாவா, அம்மாவா என்று எங்கள் வீட்டில் இன்றும் வழக்கு ஓடுகிறது. என் அம்மா மாவுதான் என்கிறார், மனைவி ஒப்புக்கொள்ளவில்லை.

படத்தை எப்படிப் பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை தனியாகவோ, கணவனும் மனைவியும் மட்டுமோ பாருங்கள். சமீபத்தில்தான் தெரியவந்தது என்றால் ஒரே மூச்சில் பார்க்க வேண்டியதில்லை. ரவுடி, என்கவுன்டர் என்று துப்பாக்கிச் சத்தம் வருகிற பகுதிகள் உண்டு, சத்தம் ஆகாத பிள்ளை பக்கத்தில் இருந்தால் ஹெட்போனில் பாருங்கள். உண்மையைச் சொன்னால் அந்த ரவுடிக் கதை இல்லாமலே இந்தப் படம் நின்றிருக்கும், தியேட்டருக்காகச் சேர்த்த பாரம் என்று எனக்குப் படுகிறது. இரண்டாவது தடவை வீட்டுப் பெரியவர்களோடு பாருங்கள். நான் அம்மாவோடு பார்த்தேன். நடுவில் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. படம் முடிந்ததும் அம்மா கேட்டது, "அப்ப இது நம்ம வளத்த தப்பு இல்லையாடா?" மூன்று வருடம் அந்த நினைப்போடு என் அம்மா இருந்திருக்கிறார், எனக்குத் தெரியாது. டாக்டர் சொல்லி, நான் சொல்லி ஏறாதது படம் பார்த்து ஏறியது. அன்றைக்கு அடுத்த மாதம் சின்னம்மா வீட்டு விசேஷத்தில் யாரோ ஏதோ சொல்ல வர, அம்மாவே மறித்து, "அவனுக்குச் சத்தம் ஆகாது, மேளத்தக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லு" என்றார்.

மனைவிக்குப் படத்தின் மேல் ஒரு குறை உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. "படத்துல அம்மாவே இல்லைல்ல? அதான் அப்பா வேலைய விட்டுட்டு வர்றாரு, எல்லாரும் கண்ணத் தொடைக்கிறாங்க. அம்மா இருந்திருந்தா அவதான் விட்டிருப்பா, அதப் படமா எடுப்பாங்களா?" அவள் தனியார் பள்ளியில் பார்த்த வேலையை 2020இலேயே விட்டவள். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. சனிக்கிழமை தெரபிக்கு மதுரை பஸ்ஸில் இப்போது நான் கூட்டிப்போகிறேன்.

காகித வேலை பற்றிச் சுருக்கமாக. ஊசிக்கு அலைந்த நேரத்தில் இதற்கு அலைந்திருக்கலாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு, 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று இருந்தால் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. முதலில் யுடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குங்கள், மற்ற எல்லாவற்றுக்கும் அதைத்தான் கேட்கிறார்கள். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் வருடத்துக்கு ஒரு லட்சம் வரை உண்டு, தெரபிச் செலவும் அதில் அடங்கும். வருமான வரியில் பழைய முறையில் இருக்கிறவர்கள், மாற்றுத்திறனாளியைப் பராமரிப்பதற்காக (1961 சட்டத்தில் 80டிடி பிரிவு) வருமானத்தில் 75,000 கழித்துக்கொள்ளலாம், தீவிரம் என்று சான்று இருந்தால் 1,25,000. கணக்குப் பிள்ளையான எனக்கே இது இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது என்பது வெட்கக்கேடு. சென்னைப் பக்கம் இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது, பல்வகை ஊனமுற்றோருக்கானது. தனியார் பேக்கேஜுக்கு முன்னால் அங்கே ஒரு நடை போய்வாருங்கள்.

ஸ்டோர் அண்ணன் போன வருடம் ரிட்டயர் ஆனார். ஊருக்குக் கிளம்புமுன் வீட்டுக்குப் போய், அன்று டீயை வைத்துவிட்டு வந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு அது ஞாபகமே இல்லை. படம் ஞாபகம் இருந்தது. "நல்ல படம் தம்பி. டிவில போட்டாங்க. அந்தப் பையன் ஓட ஆரம்பிக்கறான், கரெக்டா கரண்டு போயிருச்சு. பாதிதான் பாத்தேன்" என்றார். பாதி பார்த்த படத்தையா எனக்குச் சொன்னீர்கள் என்று சிரித்தேன். "ஆமா, அப்புறம் என்னதான் ஆச்சு?" என்று கேட்டார். நான் சொல்லவில்லை. போனை எடுத்து, அவர் மகனிடம் எப்படிப் போடுவது என்று காட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.